யாழ்ப்பாணத்துப் பழைய ஸ்ரூடியோப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய குடும்பப் படங்களை ஸ்கான் செய்து தரும் வேலையில் திரும்பத் திரும்ப என் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வருகிறவர்களில் அதிகம் பேர் கேட்பது கிழிசலை ஒட்டித் தர முடியுமா, கறையை எடுக்க முடியுமா என்றுதான். நான் முதலில் கேட்பது, படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரியுமா என்று. கிழிசல் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். பெயர் தெரிந்த பெரியம்மாவுக்கு இப்போதே எண்பத்தெட்டு வயது.

எந்தக் காலத்துப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 1980கள் வரை. ஒளிப்படக்கலை 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. 1860களில் கொழும்பில் ஸ்கீன் என்ற ஒளிப்பட நிறுவனம் தொழில் நடத்திக்கொண்டிருந்தது. பிறகு ஸ்கோவன் வந்தது, 1890இல் பிளாட்டே வந்தது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ரயில் முழுதாக ஓடத் தொடங்கியது 1905இல். கண்ணாடித் தகடு, தாள், மருந்து எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டிய தொழில் இது. ஆகவே ரயில் பெரிய வசதி. அதோடு ஆங்கிலப் பள்ளிக்கூடப் படிப்பு, அரசாங்க உத்தியோகம், மலாயாவில் வேலை செய்து அனுப்பிய காசு எல்லாம் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நடுத்தர வர்க்கத்தை உண்டாக்கின. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் அவர்களின் படங்கள்தான்.

எங்கள் வீட்டுப் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை விட்டுவிட்டு முதலில் தாளைப் பாருங்கள். மிக மெல்லிய தாள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, நிறம் பழுப்பாகவோ கத்தரிப்பூச் சாயலாகவோ இருந்து, வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்துப் போயிருந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. ஒட்டிய அட்டையின் அளவும் பேசும். இரண்டரை அங்குலத்துக்கு நான்கு அங்குலம் என்றால் விசிற்றிங் காட் அளவு. 1854இல் பாரிஸில் டிஸ்டேரி என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாலேகாலுக்கு ஆறரை அங்குலம் என்றால் 1866 அளவில் வந்த கபினற் அட்டை. தங்க விளிம்பும் பூவேலையும் வைத்த இந்த அட்டைகள் முதலாம் உலகப் போர் வரை புழங்கின.

அடுத்தது தபாலட்டை. படத்தையே தபாலட்டைத் தாளில் கழுவித் தருவது 1900களின் தொடக்கத்தில் பரவியது. பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் விலாசம் என்று பிரித்திருந்தால் அது 1902க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த முறையை பிரிட்டனே அந்த ஆண்டில்தான் அனுமதித்தது. முத்திரை ஒட்டும் கட்டத்தில் வேலாக்ஸ் போன்ற தாள் பெயர் அச்சிடப்பட்டிருக்கலாம். அக்பா, இல்போர்ட், கோடாக் என்ற பெயர்களைத் தாளின் பின்னால் மெல்லிய எழுத்தில் பார்த்தால் கொஞ்சம் கிட்டிய காலம். பல்லுப் பல்லாக வெட்டிய விளிம்பு 1930களிலிருந்து 1960கள் வரை மோஸ்தராக இருந்தது.

உடையைப் பார்ப்பதென்றால் கூட்டத்திலேயே வயது குறைந்த பெண்ணின் உடையைப் பாருங்கள். கிழவி உடுத்தியிருப்பது அவருடைய இளமைக்கால மோஸ்தர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் முப்பது வருடம் முந்திப் போவீர்கள். தோளில் உப்பிய கையும் கழுத்துவரை லேசும் வைத்த இரவிக்கை 1890கள், 1900களுக்கு உரியது. மிஷன் பள்ளிகளில் படித்த பெண்களிடம் அதை அதிகம் காணலாம்.

இதையெல்லாம்விட நம்பகமான சாட்சி மடியில் இருக்கும் கைக்குழந்தை. அது யார் என்று தெரிந்தால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு கணக்கு முடிந்தது.

ஒரு பொறியும் உண்டு. சுவரில் தொங்கும் பெரிய படங்களில் பல, சின்னப் படமொன்றைத் திரும்பப் படமெடுத்துப் பெரிதாக்கியவை. முகம் 1905, தாள் 1955. முகத்தின் ஓரங்கள் மங்கி, கண்ணும் மீசையும் மட்டும் பென்சிலால் தீட்டியது போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மூலப்படம் எங்கேயோ ஒரு பெட்டியில் இருக்கக்கூடும்.

பின்னால் கோலாலம்பூர் ஸ்ரூடியோ ஒன்றின் பெயர் இருக்கிறது. அப்படியானால் இது எங்கள் ஆட்கள் இல்லையா?

உங்கள் ஆட்களேதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்கு ரயில்வே, கந்தோர் வேலைகளுக்காகப் போனார்கள். முதல் சம்பளத்தில் கோட்டும் சப்பாத்தும் போட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். கோலாலம்பூர், தைப்பிங், ஈப்போ, சிரம்பான், பினாங்கு, சிங்கப்பூர் என்று முத்திரைகள் வரும். அங்கே ஸ்ரூடியோ வைத்திருந்தவர்கள் ஐரோப்பியர், சீனர், ஜப்பானியர். சிங்கப்பூரின் லாம்பேர்ட் நிறுவனம் இவற்றில் பேர்போனது.

படம் இரண்டு பக்கமும் பயணம் செய்தது. இங்கே இருந்து பெண்ணின் படம் சாதகத்தோடு அங்கே போகும். அங்கே பிறந்த பிள்ளைகளின் படம் அப்பாச்சிக்கு வரும். ஆகவே வல்வெட்டித்துறை வீட்டில் தைப்பிங் படமும், தைப்பிங்கில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வட்டுக்கோட்டைப் படமும் இருப்பது சாதாரணம். 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியரிடம் இருந்தபோது தபால் போக்குவரத்து அறுந்தது. அல்பத்தில் தவழ்ந்த குழந்தை அடுத்த பக்கத்தில் காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போனால், இடையில் போனது அந்த ஆண்டுகளாக இருக்கலாம்.

பென்சனோடு திரும்பி வந்தவர்கள் கட்டிய கல்வீடுகளின் விறாந்தையில் இந்தப் படங்கள் வரிசையாகத் தொங்கின. வீட்டுக்கு வருகிறவர் கதிரையில் இருந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில். அது தற்செயல் இல்லை.

ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை?

ஒரு காரணம், அசையாமல் இருக்கவேண்டிய நேரம். வீட்டுக்குள் இயற்கை வெளிச்சத்தில் எடுக்கும்போது மூடியைத் திறந்து ஒன்று, இரண்டு, சிலவேளை அதற்கும் மேலே சில விநாடிகள் எண்ணவேண்டும். சிரிப்பு அவ்வளவு நேரம் நிற்காது. மற்றக் காரணம், படம் எடுப்பது பகிடிக்குரிய காரியமாக நினைக்கப்படவில்லை. நல்ல நாள் பார்த்து, முழுகி, நகை பூண்டு போகிற இடம். கமரா வேகமான பிறகும், 1960களில்கூட, எங்கள் ஆட்கள் அதே முகத்தோடுதான் நின்றார்கள். ஆகவே முழுப் பழியையும் கமராவின் தலையில் போட முடியாது.

மின்சாரம் இல்லாத நாளில் ஸ்ரூடியோ எப்படி இயங்கியது?

கூரையிலோ சுவரிலோ பெரிய கண்ணாடி வைத்து, அதற்குக் கீழே வெள்ளைத் துணித் திரை கட்டி. ஐரோப்பியக் கைநூல்கள் கண்ணாடியை வடக்கு நோக்கி வைக்கச் சொல்லும், ஏனென்றால் அங்கே வடக்கில் வெயில் நேராக விழாது. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நடுப்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கைநூலை நம்பி வடக்கே திறந்தவர் அந்த நாலு மாதமும் திரையை இழுத்து இழுத்து மூடவேண்டியிருந்திருக்கும். பழைய படத்தில் ஒரு பக்கக் கன்னம் மெதுவாக நிழலுக்குள் போவதைப் பார்த்தால், அது திரையால் வடித்தெடுத்த பகல் வெளிச்சம். 1950களுக்குப் பிறகு பல்ப் வெளிச்சத்தில் எடுத்தவற்றில் மூக்கின் நிழல் கூர்மையாக விழும்.

அம்மம்மாவின் பொட்டு ஏன் கறுப்பாக இருக்கிறது? துக்கத்தில் எடுத்த படமா?

இல்லை. அது குங்குமம்தான். எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான்.

அந்தக் காலத்துத் தகடுகளில் பூசிய மருந்துக்கு நீல வெளிச்சம் தெரியும், சிவப்புத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிய இருட்டறையில் வேலை செய்ய முடிந்ததே இதனால்தான். சிவப்புத் தெரியாவிட்டால் சிவப்பான எதுவும் படத்தில் கறுப்பாக விழும். குங்குமப் பொட்டுக் கறுப்பு. அரக்குச் சிவப்புக் கூறைச்சேலை கறுப்பு. வெற்றிலை போட்ட வாய் கறுப்பு. மாறாக வெளிர்நீலச் சேலை வெள்ளை போல வரும். ஆகவே "பூட்டி வெள்ளைச் சேலையோடு நிற்கிறார், விதவையாக இருக்கவேண்டும்" என்று படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கழுத்தில் தாலிக்கொடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாகப் பிடிக்கும் பிலிம் 1930களுக்குப் பிறகுதான் பரவலாகக் கைக்கு வந்தது.

தங்கத்துக்கும் இதே கதி. மஞ்சள் மங்கிப் போகும். அட்டியலும் பதக்கமும் பவுண் கணக்கில் போட்டுக்கொண்டு போய் இருந்தவருக்கு, படத்தில் அவை ஈயம் போலத் தெரிந்தால் மனம் ஆறுமா? ஆகவே கழுவிய படத்தில் நகைக்கு மட்டும் மெல்லிய தூரிகையால் மஞ்சள் வர்ணம் பூசிக் கொடுத்தார்கள். சில படங்களில் கன்னத்துக்கும் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும்.

தோலின் நிறமும் இதில் மாட்டிக்கொண்டது. மண்ணிறத் தோல் நீல வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் இருப்பதைவிடக் கறுப்பாக விழும். அதற்கு ஒரு மாற்று பவுடர், மற்றது பென்சில். நெகற்றிவில் முகப்பக்கத்தில் நுண்ணிய பென்சில் கோடுகள் போட்டால் படத்தில் அந்த இடம் வெளுக்கும், சுருக்கமும் அம்மைத் தழும்பும் போகும். கத்தியால் மெல்லச் சுரண்டினால் படத்தில் அந்த இடம் கறுக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் படம் என்றால் பென்சில் அதிகம் உழைத்திருக்கும். எங்கள் ஊரின் நிறவெறி கமராவோடு தொடங்கவில்லை, ஆனால் கமரா அதற்கு நல்ல ஒரு கருவியைக் கொடுத்தது.

பின்னால் தெரியும் மாளிகையும் படிக்கட்டும் எங்கே இருந்தன?

துணியில். வர்ணம் தீட்டிய திரைச்சீலை அது. தூண், வளைவு, தூரத்தில் ஏரி, சிலவற்றில் அரைச் சந்திரன், எல்லாம் நாடகக் கொட்டகைச் சீன் போல. முன்னால் கம்பளம், கைவைக்க ஒரு சிறு மேசை, மேசையில் பூச்சாடி. கையில் புத்தகம் இருந்தால் அவர் படித்தவர் என்று காட்ட விரும்பினார் என்று மட்டும் கொள்ளலாம். புத்தகம் ஸ்ரூடியோவுடையதாகவே இருக்கும். மணிக்கூடு, வானொலி, குழந்தைக்கு விளையாட்டுக் கார் எல்லாம் அப்படித்தான். கீழ்ப்பக்கம் உற்றுப் பாருங்கள். திரை முடியும் இடத்தில் சீமெந்து நிலமும் சுருக்கம் விழுந்த துணியும் தெரியும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரே திரைச்சீலை இரண்டு வீட்டுப் படங்களில் வந்தால் ஒரே ஸ்ரூடியோ என்று அறியலாம். ஒன்றில் முத்திரை இருந்தால் மற்றதற்கும் இடம் கிடைத்துவிடும்.

யார் கதிரையில், யார் நிற்கிறார்கள் என்பதற்கு முறை இருந்ததா?

இருந்தது. வயதில் மூத்தவருக்கும் வீட்டுத் தலைவருக்கும் கதிரை, சிறுவர்கள் நிலத்தில், மற்றவர்கள் பின்னால். தம்பதிகளில் பழைய படங்களில் கணவர் இருப்பார், மனைவி கதிரையில் கை வைத்து நிற்பார். பிறகு இது மாறிச் சிலவற்றில் மனைவி இருக்க அவர் நிற்பார். ஒருவர் தோளில் மற்றவர் கை வைப்பதற்கு இன்னும் நாள் சென்றது. இரண்டாம் மனைவி, வீட்டோடு வளர்ந்த அநாதைப் பிள்ளை, வேலைக்கு நின்றவர் ஆகியோர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். ஓரத்தில், அரை முகத்தோடு. குடும்பக் கதையில் பெயர் சொல்லப்படாதவர்கள் அவர்கள்தான்.

தனியாக நிற்கும் இளம் பெண்களின் படங்கள் எதற்காக?

பெரும்பாலும் கலியாணப் பேச்சுக்கு. இன்னொரு பெரிய பிரிவு சாமத்தியவீட்டுப் படங்கள், அதாவது பெண் பிள்ளை பெரியபிள்ளையான சடங்கில் எடுத்தவை. அவற்றில் போட்டிருக்கும் நகை முழுவதும் அந்த வீட்டுடையது என்று எண்ணவேண்டாம். பெரியம்மாவின் ஒட்டியாணம், அயல்வீட்டு நெற்றிப்பட்டம் எல்லாம் இரவல் வரும். "அந்த அட்டியல் இப்போது யாரிடம்?" என்று கேட்டுப் பழைய காணிச் சண்டையைக் கிளப்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

செத்தவீட்டுப் படங்களை வைத்திருப்பது நல்லதல்ல என்கிறார்கள். எரித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பிரேதத்தைச் சுற்றி உறவினர் நின்று எடுக்கும் படம் எங்கள் ஊரில் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. மலாயாவில் இருந்த மகனும் பின்னாளில் லண்டனிலும் கனடாவிலும் இருந்த மகளும் வந்து பார்க்க முடியாததால் அது தேவைப்பட்டது. சில முதியவர்களுக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படமும் அதுவாகவே இருக்கும்.

ஆய்வுக்கண்ணோடு பார்த்தால் இதற்கு ஈடான படம் இல்லை. திகதி உறுதி, ஏனென்றால் இறந்த நாள் எல்லோருக்கும் தெரியும். கலியாணத்துக்குக் கோபித்துக்கொண்டு வராதவர்கள்கூட இதற்கு வந்து நிற்பார்கள். சாமியறைப் பக்கம் வைக்க மனமில்லாவிட்டால் தனி உறையில் போட்டு மேலே பெயரையும் திகதியையும் எழுதி அலுமாரியில் வையுங்கள்.

இந்தப் படங்களைப் பார்த்தால் பழைய யாழ்ப்பாணம் முழுவதையும் பார்த்ததாகுமா?

ஆகாது. ஸ்ரூடியோவுக்குப் போகக் காசு வேண்டும், உடுப்பு வேண்டும், போகலாம் என்ற துணிவும் வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் சேலைத் தலைப்பைத் தோளில் போடுவதற்கும் நகை அணிவதற்கும் தடை இருந்த ஊர் இது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கலாம் என்றதற்காகப் பள்ளிக்கூடங்களையே கொளுத்தியிருக்கிறார்கள். மற்றவர் முன்னால் கதிரையில் இருப்பதே குற்றமாகக் கருதப்பட்டவர்களுக்கு, ஸ்ரூடியோவின் அந்த ஒற்றைக் கதிரை என்னவாகத் தோன்றியிருக்கும்? ஒடுக்கப்பட்ட குடும்பமொன்று 1940களிலோ 1950களிலோ கதிரையில் இருந்து எடுத்த படம் உங்களிடம் இருந்தால், அதைச் சாதாரண குடும்பப் படமாக நினைக்காதீர்கள்.

பலருக்கு முதல் படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம். அட்டைகள் 1972இலிருந்து வழங்கப்பட்டன. தோட்டத்திலும் கடலிலும் உழைத்தவர்கள் வரிசையாகக் கமராவுக்கு முன் வந்தது அப்போதுதான். பின்னர் அந்தச் சின்னப் படமே பெரிதாக்கப்பட்டுச் சுவருக்குப் போனது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரப் பந்தல்களில் ஏந்தியிருக்கும் படங்களில் பலவும் இப்படிப்பட்டவைதான். அடையாள அட்டைக்கு எடுத்தது, அல்லது கலியாணப் படத்திலிருந்து வெட்டியது.

எங்கள் வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. எங்கே தேடலாம்?

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் அடையாள அட்டை, காணி உறுதி, நகை என்று கையில் எடுத்தார்கள். சட்டம் போட்ட படத்தை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது சட்டம் மட்டும் கிடந்த வீடுகள் உண்டு, கூரையே இல்லாத வீடுகளும் உண்டு. அப்புறம் 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகள்.

ஆகவே ஊருக்கு வெளியே தேடுங்கள். படம் என்பது பிரதி எடுத்து உறவினருக்குக் கொடுக்கும் பொருள். உங்கள் பேத்தியாரின் கலியாணப் படம் உங்கள் வீட்டில் அழிந்திருக்கலாம், ஆனால் அவருடைய சகோதரி பிள்ளைகளின் வீட்டில், கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். நேர்வழிச் சொந்தத்தை விட்டுவிட்டுப் பக்கச் சொந்தத்தைக் கேளுங்கள், முக்கியமாக 1983 கலவரத்துக்கு முன் வெளிநாடு போனவர்களை. மலாயாக் கிளை இருந்தால் அங்கேயும்.

அடுத்தது கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கைச் சுருக்கம், பலவற்றில் வம்சாவளி. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இணையத்தில் ஏற்றிவரும் தொகுப்பில் இத்தகைய நினைவு மலர்கள் நிறைய உண்டு. ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். அச்சுத்தரம் மோசம்தான், ஆனால் முகமும் பெயரும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அது சும்மா இல்லை.

மிஷன் பள்ளியில் படித்தவர் அல்லது படிப்பித்தவர் என்றால் கடல் கடந்தும் பார்க்கலாம். அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், மெதடிஸ்த மிஷனுடையவை லண்டனில் சோவாஸ் நூலகத்தில், திருச்சபை மிஷனரிச் சங்கத்தினுடையவை பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

படத்தில் இருப்பவர்களின் பெயரை எப்படிப் பதிவது?

வயதானவரிடம் படத்தைக் கொடுத்து "இது யார்?" என்று கேட்டால் தெரியாது என்பார். "இது எந்த வீட்டில் எடுத்தது, யாருடைய கலியாணம்?" என்று கேளுங்கள். கதை வரும், கதையோடு பெயர் வரும். போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள்.

எழுதும்போது "மாமா" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு மாமா? எழுதியவர் போனபின் அது ஒருவருக்கும் பயன்படாது. பதிவுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், ஊர், குறிச்சி, தகப்பன் பெயர் எல்லாம் வேண்டும். பதிவில் கனகாம்பிகை, வீட்டில் கிளி என்றால் இரண்டையும் எழுதவேண்டும். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். போல்பொயின்ற் பேனையின் மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவரும், அழுத்தினால் முகத்தில் தடம் விழும். நிச்சயமில்லாத பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். சந்தேகத்தோடு எழுதிய பெயர், எழுதாத பெயரைவிட நல்லது.

படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரிக்கலாமா?

வேண்டாம். படத்தின் மேல்பூச்சு ஜெலற்றின். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி இளகும், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். மூலத்தை அப்படியே தட்டையாக வையுங்கள்.

பங்கசு, கறையான், வெள்ளிப் பூச்சி?

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கவனம். பங்கசு பிடித்ததை நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, காய்ந்த பின் மெல்லிய தூரிகையால், வெளியே வைத்துத் தட்டுங்கள். ஈரத்துணி, ஸ்பிரிற் இரண்டும் கூடாது. வெளிச்சுவரில் படம் தொங்கவிடாதீர்கள், சுவரின் ஈரம் பின்னால் ஏறும். விளிம்பில் நீலமாகப் பளபளப்பது வெள்ளி மேலே வருவது. அதைத் துடைக்க முயலவேண்டாம்.

லமினேற் செய்யாதீர்கள். திரும்பப் பெற முடியாத தவறு அது. ஒட்டும் பக்கங்கள் கொண்ட 1980களின் அல்பங்களும் படத்துக்கு எதிரி. எடுக்க வராவிட்டால் பல் இடுக்கைத் துப்புரவாக்கும் நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுக்கலாம்.

ஸ்கான் செய்ய என்ன அளவு?

தபாலட்டை அளவுவரை 600 டிபிஐ, அடையாள அட்டைப் படத்துக்கு 1200. ரிஃப் கோப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு ஜேபெக்கில் பகிருங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். போனில் எடுப்பதென்றால் யன்னல் நிழலில், பிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே பிடித்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

செயற்கை நுண்ணறிவால் வர்ணம் ஏற்றிக் கூர்மையாக்கலாமா?

விளையாட்டுக்கு என்றால் சரி. ஆனால் மேலே பொட்டைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும். பழைய தகட்டில் சிவப்புக் கறுப்பானது, நீலம் வெளுத்தது. அது தெரியாத மென்பொருள் கூறைச்சேலையைக் கறுப்பாகவோ நாவலாகவோ ஊகிக்கும், குங்குமத்தை மச்சமாக்கும். மங்கிய முகத்தைக் கூர்மையாக்கும்போது அது உங்கள் பூட்டனின் கண்ணை மீட்டெடுப்பதில்லை, வேறு யாருடைய கண்ணையோ வரைந்து வைக்கிறது. அடுத்த தலைமுறை அதைத்தான் பூட்டன் என்று நம்பும். செய்தால் கோப்பின் பெயரிலேயே "வர்ணம் ஏற்றியது" என்று எழுதுங்கள், மூலத்தை மாற்றாமல் தனியாக வையுங்கள்.

முகநூலில் போடலாமா?

இறந்து நெடுநாளானவர்கள், பொதுக் குழுப்படங்கள் என்றால் போடுங்கள். அப்படிப் போட்டதால்தான் பல பெயர்கள் திரும்பக் கிடைத்தன. சாமத்தியவீட்டுப் படங்களில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் போடக்கூடாது. செத்தவீட்டுப் படங்களைப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்பவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. ஆகவே 1970களின் படமென்றால் எடுத்த ஸ்ரூடியோவின் பெயரையாவது குறிப்பிடுங்கள்.

பழைய ஸ்ரூடியோக்காரர் ஒருவரின் வீட்டில் கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

முதலில், கழுவிச் சட்டத்துக்குக் கண்ணாடியாகப் பயன்படுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிப் போனவை ஏராளம். தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், தாள் உறையில் போட்டு, நீளப் பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வைக்கவேண்டும். கண்ணாடி அல்லாத பழைய பிலிம் நெகற்றிவ்கள் இருந்தால் கவனம். 1950க்கு முந்தியவற்றில் சில நைத்திரேற்றுப் பிலிம், இலகுவில் தீப்பற்றும். மஞ்சளித்து, பிசுபிசுத்து, காரமான மணம் வந்தால் வேறாக்கிக் குசினிக்கும் வெயிலுக்கும் தூரமாக வைத்துவிட்டு நூலகம் நிறுவனத்தையோ பல்கலைக்கழக நூலகத்தையோ தொடர்புகொள்ளுங்கள்.

அப்புறம் அதே அறையில் கணக்குக் கொப்பி ஏதும் கிடக்கிறதா என்று தேடுங்கள். நெகற்றிவின் ஓரத்தில் கீறியிருக்கும் இலக்கம் அந்தக் கொப்பியில் ஓடர் கொடுத்தவரின் பெயருக்கும் ஊருக்கும் நேரே இருக்கும். கறையான் முதலில் தின்பது அதைத்தான். ஸ்கான் செய்ய ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் தகடுகளைத் தொடாமல் கொப்பியை முடித்துவிட்டு வாருங்கள்.